மெல்லும் வாய்க்கு ஒரு வசனம்

திரையில் யாரோ வாயசைக்க, அந்த வாய்க்குள் நம் மொழியை அடைத்து வைப்பதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக டப்பிங் வசனம் எழுதுகிறேன். குடும்பத் தொடர், காட்டு மிருகங்கள் பற்றிய படம், தொப்பையைக் குறைக்கும் பெல்ட் விற்கிற நிகழ்ச்சி, எல்லாம் எழுதியாயிற்று. உதடு மூடுகிற இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். வாய் திறக்கிற இடத்தில் 'ஆ' விழ வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி என்று ஸ்டுடியோவில் பெயர். அந்தப் பெயர்மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை. நடந்ததற்குக் காரணம் தேடிப் போனால் கடைசியில் அந்த ஆசையில்தான் போய் முட்டிக்கொள்கிறேன்.

போன வருடம் ஓர் அனிமே தொடர் வந்தது, ஜப்பானியக் கார்ட்டூன். கடலில் மூழ்கிப்போன ஒரு நகரம். தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டை மாடிகளில் ஆறு பிள்ளைகள் காவல் இருக்கிறார்கள். அலை ஏறும்போதெல்லாம் நீருக்குள்ளிருந்து இரும்புச் செதில் வைத்த மிருகங்கள் வரும். நீண்ட கொக்கிக் கம்புகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அவற்றோடு மோதுவார்கள். பெரியவளுக்குப் பதினேழு வயது. கடைக்குட்டிக்குப் பதினான்கு, அவனை எல்லாரும் பொடியன் என்பார்கள். அவனுடைய அண்ணனும் அந்த ஆறு பேரில் ஒருவன்.

முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு, 'ஹா, ஹூ, விடாதே, பின்னாடி பார்' என்று நாலு வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டால் தொடரே முடிந்துவிடும் என்று நினைத்தேன். அக்கா வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தபோது தும்பி அறையிலிருந்து வெளியே வந்தான்.

தும்பி அக்காவின் இளைய மகன். அவனுக்கும் பதினான்குதான். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்ததால் குழந்தையாக இருந்தபோது நான் வைத்த பெயர். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில் கல்லூரிக்கு வண்டியில் போன அவன் அண்ணன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு தும்பி தன் அறையை விட்டு அவ்வளவாக வெளியே வருவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாலே அக்கா அன்றைக்குச் சந்தோஷமாக இருப்பாள்.

"சித்தி, நீயா அதுக்கு எழுதப் போற?" என்றான்.

"ஆமாடா. தெரியுமா உனக்கு?"

"நானும் அண்ணனும் பாதி பார்த்தோம். மீதிய நான் பார்த்தேன். அது சண்டைத் தொடர் இல்ல சித்தி."

"பின்னே? சமையல் நிகழ்ச்சியா?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்தான். "சண்டை அஞ்சு நிமிஷம்தான் வரும். மிச்ச நேரமெல்லாம் அதுங்க சண்டைக்குப் பயந்துக்கிட்டு இருக்கும். இல்லேன்னா சண்டை முடிஞ்சு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கும். அதுதான் தொடர்."

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எத்தனை மாதம் ஆகியிருக்கும்!

அதன்பின் சனிக்கிழமை மதியங்களில் அவன் என் வீட்டுக்கு வரத் தொடங்கினான். நான் கம்ப்யூட்டர் முன்னால், அவன் பக்கத்து நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. எனக்குத் தெரியாததையெல்லாம் அவன் பார்த்திருந்தான். "அந்தப் பதினேழு வயசு அக்கா பாக்கெட்ல கைய விட்டா திமிருன்னு நினைச்சுக்காத. கை நடுங்குது. மத்தவங்க பார்க்கக் கூடாதுன்னு விடுறா. அதனால அப்ப அவ கத்தினாலும் குரல் கெட்டியா இருக்கக் கூடாது." இன்னொரு நாள், எப்போதும் கேலி பேசிக்கொண்டிருக்கும் பையனைக் காட்டி, "இவன் ஜோக் அடிச்சா யார் சிரிக்கிறாங்கன்னு ஒவ்வொருத்தர் முகமா பார்ப்பான் பாரு. சிரிக்கலேன்னா தன்னை விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயம்" என்றான். நான் அப்படியே எழுதினேன். ஸ்டுடியோ மேனேஜர் வசனத்தைப் படித்துவிட்டு, "என்னம்மா, சின்னப் பிள்ளைங்க மனசுக்குள்ள புகுந்து வந்த மாதிரி இருக்கே!" என்று பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா மகன் சொல்லிக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "பதினேழாவது எபிசோட்ல பொடியன் சாப்பிடுற சீன் ஒண்ணு வரும். அதுல மட்டும் நீ ஒண்ணும் எழுதாத. அப்படியே விட்டுடு."

"ஏன்டா?"

"பார்த்தா தெரியும்."

சரி என்றேன். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. ஃபோனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது எபிசோட் வந்தபோது வாரத்துக்கு மூன்று எபிசோட் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கதையில் அதற்கு முந்தைய சண்டையில் பொடியனின் அண்ணன் நீருக்குள் போய்விடுகிறான். மற்றவர்கள் மாடியில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறார்கள். பொடியன் உள்ளே போகிறான். மேசையில் காலையில் எடுத்து வைத்த இரண்டு கிண்ணங்கள் மூடியபடி இருக்கின்றன. அவன் உட்கார்ந்து தன்னுடையதைச் சாப்பிடுகிறான். பிறகு அண்ணனுடையதை இழுத்து வைத்து அதையும் சாப்பிடுகிறான். அவ்வளவுதான் காட்சி. நாற்பது நொடி. இசை கிடையாது. அழுகை கிடையாது. முகம் முழுக்கத் திரையில், வாய் மென்றுகொண்டிருக்கும்.

மேனேஜர் ஃபோன் செய்தார். "நாற்பது செகண்ட் ஒண்ணுமே இல்லம்மா. நம்ம பிள்ளைங்க ரிமோட்டைத் தூக்கிடும். எதையாவது போட்டு நிரப்புங்க."

எதையாவது என்றுதான் அவர் சொன்னார். வெளியிலிருந்து யாரோ கூப்பிடும் குரலைப் போட்டிருக்கலாம். ஒரு பெருமூச்சைப் போட்டிருக்கலாம். நான் அந்த மெல்லும் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. வசனம் கேட்கிற வாய் மாதிரியே இருந்தது. இரண்டாவது கிண்ணத்தை இழுக்கும் இடத்தில் தானாக வந்து விழுந்தது: "அண்ணன் பங்கும் எனக்கே!" 'பங்கும்' என்பதில் வருகிற 'ம்', அவன் உதட்டை மூடி விழுங்குகிற அதே நொடியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன், எனக்கு நானே பரிசு கொடுத்துக்கொள்வதுபோல.

பொடியனுக்குக் குரல் கொடுத்தது பதினாறு வயதுப் பெண். ஸ்டுடியோவில் அவளைக் கிளி என்று கூப்பிடுவோம். எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்று காகிதத்தைப் படித்துப் பார்த்தாள். திரையை ஒருமுறை ஓட்டச் சொன்னாள். பிறகு ஹெட்ஃபோனைக் காதிலிருந்து நகர்த்திவிட்டு, "அக்கா, இவன் அண்ணன் இப்பதானே செத்தான்?" என்றாள்.

"ஆமா."

"இதைச் சிரிச்சுக்கிட்டா சொல்லணும்?"

"குறும்பா சொல்லும்மா. வயித்துப் பசிதானே முதல்ல. நேரம் ஆகுது, ஒரு டேக் போயிடலாம்."

அவள் இன்னும் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். ஒரே டேக். அற்புதமாகச் சொன்னாள். சவுண்ட் இன்ஜினியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மேனேஜர் இன்னொரு முறை ஓட்டச் சொல்லிக் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளி மட்டும் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

எபிசோட் ஒளிபரப்பான பத்து நாளில் அந்த வசனத்துக்குக் கால் முளைத்துவிட்டது. சேனல் அதை விளம்பரத்தில் போட்டது. பேருந்தில் ஒரு பயல் கூட வந்தவனின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு "அண்ணன் பங்கும் எனக்கே!" என்றான். கடையில் பால் வாங்கும்போது கடைக்காரர் தன் மகளிடம் அதையே சொல்ல, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அது நான் எழுதினது" என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். நம்ப வைத்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது அந்தப் பக்கம் போவதென்றால் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தும்பி சனிக்கிழமைகளில் வருவது நின்றது. பரீட்சை நேரம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஒரு நாள் மதியம் அக்கா ஃபோனில் கூப்பிட்டாள். "தும்பி ஸ்கூல்ல ஒரு பையனை வாயில குத்திட்டானாம். அந்தப் பையனுக்கு உதடு கிழிஞ்சு ரத்தம். ஏன்டான்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான். ஒரு வாரமா சாப்பாட்டு டப்பாவும் அப்படியே திரும்பி வருது. உன்கிட்டன்னா பேசுவான். கொஞ்சம் வந்து கேளேன்."

போனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டிவிட்டு உள்ளே போனேன். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எதிர்க் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. யாரும் அதில் படுப்பதில்லை.

"சித்தி," என்றான் திரும்பாமலேயே. "அதை நீயா எழுதின?"

எதை என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் பதினேழு என்ற எண்ணும், அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதும், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் நின்றன. உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான் சொன்னது இது:

"மேனேஜர் போடச் சொன்னார்டா. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேட்கல."

அவன் திரும்பினான். முகம் அப்படியே இளகிப்போயிற்று. "எனக்குத் தெரியும்," என்றான். "நீ எழுதியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் சித்தி." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி என் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கலாம்.

அழுது முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

"அன்னிக்கு நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவன் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதற்காக எல்லாரும் காத்திருந்த நாள். வீடு முழுக்க ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாடு தொடுவாரில்லாமல் இருந்தது. தும்பி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். முடித்துவிட்டு இன்னொரு தட்டு போட்டுச் சாப்பிட்டான்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. ரொம்பப் பசிச்சுது. சாப்பிடச் சாப்பிடப் பசிச்சுது. அப்ப மாமா ஒருத்தர், 'கூடப் பொறந்தவன் போயிட்டான், இவனுக்கு எப்படித் தொண்டையில இறங்குது பாரு'ன்னு சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. ஆனா நிறுத்த முடியல சித்தி. நான் மனுஷனே இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அந்த எபிசோட் பார்த்தேன். பொடியனும் சாப்பிடுறான். யாரும் ஒண்ணும் சொல்லல. அவனைக் கெட்டவன்னு காட்டல. சும்மா சாப்பிட விடுறாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இருபது தடவையாவது பார்த்திருப்பேன். இப்ப ஸ்கூல்ல சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறானுங்க. அந்தப் பையன் வேணும்னு என்னைச் சொல்லல. என் டப்பாவுலேர்ந்து எடுக்கும்போது சும்மா சொன்னான். அடிச்சுட்டேன்."

அன்றைக்கு அடுப்படி வாசலில் தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன். அந்த மாமா சொன்னது என் காதிலும் விழுந்தது. அவரைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை, ஏனென்றால் அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அண்ணன் பங்கையும் சேர்த்துத் தின்கிறானே என்று. வார்த்தை அப்போதே எனக்குள் இருந்திருக்கிறது. ஒன்றரை வருடம் கழித்து உதட்டசைவு பொருந்தியதும் வெளியே வந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக் காபி குடித்துக் கொண்டாடினேன்.

அக்காவிடம் "சாப்பிட்டுடுவான், கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பொய் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. தும்பி ஃபோன் செய்தான், பழையபடி பேசினான். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஸ்டுடியோவுக்குப் போனபோது மேனேஜர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜினியரும் கிளியும் அங்கேயே இருந்தார்கள்.

"உட்காருங்கம்மா. ரசிகர்கள் கடிதம் எழுதியிருக்காங்க. நாற்பது, ஐம்பது பிள்ளைங்க கையெழுத்துப் போட்டிருக்கு." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அந்தக் காட்சியை ஏன் அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தது. எங்கள் ஸ்டுடியோவில் யாரும் அப்படி எழுதியதில்லை. கடைசிப் பத்தியை மட்டும் அவர் மெதுவாக வாசித்தார். "வசனம் எழுதியவர் என் சித்தி. அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நீங்கள்தான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்துக்காக அவரை வேலையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மற்ற எபிசோடுகளை அவர் ரொம்ப நன்றாக எழுதுகிறார்."

இன்ஜினியர் எதையோ தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்தார். கிளி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததுதான் தாங்க முடியவில்லை.

"நிரப்புங்கன்னு சொன்னேன். அதை நான் இல்லேன்னு சொல்லல," என்றார் மேனேஜர். "ஆனா அந்த வசனம்..."

"நான்தான் எழுதினேன். யாரும் சொல்லல. அவன்கிட்ட பொய் சொன்னேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எனக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா, அதே வயசு," என்றார். "நான் வேணா கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்மா. நம்ம தொழில்ல பழகினதுதான். அவன்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

அப்படி ஒரு கதவைத் திறந்து வைத்தார். நானும் அதற்குள் நுழையத்தான் பார்த்தேன். காட்சியை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். டிவியில் போனது போனதுதான், விளம்பரத்தை நிறுத்தச் சேனல் ஒப்பாது, ஆனால் சேனலின் மொபைல் ஆப்பில் இருக்கும் எபிசோடுக்கு வேறு ஒலி மாற்றிக் கொடுக்கலாம் என்றார். மாற்றிய எபிசோடோடு போய் நின்றால் தும்பி எதையும் கேட்கவே மாட்டான் என்று பேருந்தில் வரும்போது கணக்குப் போட்டேன். மாற்றிக் கொடுத்த நல்ல சித்தியாகவும் இருந்துகொள்ளலாம். அந்த நினைப்பு வந்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அக்கா வீட்டு நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

தும்பி பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். "கடிதம் வந்துச்சா? அவரு என்ன சொன்னாரு?" என்று ஆவலாகக் கேட்டான்.

"உட்காரு," என்றேன். "அவரு அந்த வசனத்தைச் சொல்லலடா. எதையாவது போடுங்கன்னார். அதை எழுதினது நான். எழுதிட்டு நானே சிரிச்சேன். நீ விடச் சொன்னது எனக்கு நினைப்பே வரல. அன்னிக்கு நீ கேட்டப்ப பயந்துட்டு அவர் தலையில போட்டுட்டேன்."

அவன் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு நீ சாப்பிட்டப்ப அந்த மாமா சொன்னாரே, அதையே நானும் மனசுல நினைச்சேன். தப்பு உன்மேல இல்ல. என்மேல."

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"வாசல்ல ஜக்கை வச்சுக்கிட்டு நின்னீங்க. உங்க முகத்தைப் பார்த்தேன்." பையின் வாரைப் பிடித்து இழுத்துச் சரி செய்தான். "அப்புறம் நீங்க நல்லா பேசினீங்க. மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். அதான் நானும் மறந்துட்டேன்."

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளை. அந்த மரியாதை என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள், தெரியாது. என்னைத் திட்டவில்லை. "நீ இப்ப போ," என்றாள். "நான் அப்புறம் பேசறேன்." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினேன்.

மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். தும்பி இத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டிருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. "அன்னிக்கு யார் வந்தா, யார் சாப்பிட்டா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி. அவனைப் பத்தின நினைப்பே எனக்கு இல்ல. பெத்தவ நானே அவனுக்குச் சோறு போடல. அவன்கிட்ட அதைத்தான் சொன்னேன். நல்ல வேளை நீயாவது சாப்பிட்டியேடான்னு சொன்னேன்." பிறகு, "அவன் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தான்" என்றாள். அந்த மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டியவள் நான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒலி மாற்றும் வேலைக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் ஸ்டுடியோ கிடைத்தது. கிளியிடம், "வசனம் ஒண்ணும் இல்ல. வெறும் மெல்லுற சத்தம்தான்" என்றேன். அவள் பையிலிருந்து இரண்டு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள். விளக்கு எரிந்தது. திரையில் பொடியன் சாப்பிட, அவளும் சாப்பிட்டாள். முதல் துண்டு சாதாரணமாகப் போயிற்று. இரண்டாவதில் ஓரிடத்தில் விழுங்க முடியாமல் மூச்சு தட்டியது. தண்ணீர் குடிக்கக் கை நீட்டவில்லை. அப்படியே மென்று, சிரமப்பட்டு உள்ளே இறக்கினாள். இன்ஜினியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நாற்பது நொடி முடிந்து விளக்கு அணைந்தது. வெளியே வந்தவள், "இதுக்கு என் பேரைப் போடுங்கக்கா. அந்த வசனத்துக்குப் போடாதீங்கன்னு அப்பவே மேனேஜர் சார்கிட்ட சொன்னேன்" என்றாள். அது எனக்குத் தெரியாது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கே உறைத்திருக்கிறது.

ஆப்பில் இப்போது அந்த எபிசோட் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஊர் வாயில் இன்னும் என் வசனம்தான் இருக்கிறது. தொடரின் அடுத்த பருவத்தில் பொடியன் எபிசோடுக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்ல வேண்டும் என்று சேனல் கேட்டது. என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஒருவர் எழுதுகிறார். சேனலுக்கு நான் தலைக்கனம் பிடித்தவள். இருந்துவிட்டுப் போகட்டும், உண்மைக் காரணத்தைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இன்னும் எல்லா இடத்திலும் வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தும்பி ஃபோனோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"அதைப் பார்த்தேன்," என்றான். "மாத்தினதை."

"ம்."

"அந்த மூச்சு தட்டுற இடம் நல்லா இருந்துச்சு. நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். ஆசை வந்தது. பொய் சொல்லக் கூடாது என்று தெரிந்த பிறகும் ஆசை வரத்தான் செய்கிறது.

"இல்லடா. அந்தப் பொண்ணு பண்ணினது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சும்மா நின்னேன்."

அவன் தலையாட்டினான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவங்களுக்கு எத்தனை வயசு? மத்த எபிசோட்லயும் அவங்கதானா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றேன்.